அறிவிப்பாளரையே போலி என்று சொன்ன கதை

பேச ஆளில்லாதவர்கள் எதையாவது சேர்க்கத் தொடங்குவார்கள். சிலர் தபால் முத்திரை சேர்ப்பார்கள். சிலர் தீப்பெட்டி மட்டை. நான் பிரபலங்களின் கையெழுத்துகளைச் சேர்த்தேன். (பன்மையில் சொன்னது ஒரு எடுப்புக்காக. மொத்தம் ஒன்றுதான் இருந்தது.)

எண்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒட்டுசுட்டானுக்கு அருகே குடியேற்றக் காணி ஒன்றில் இருந்தோம். அப்பாவும் அண்ணாவும் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு மாடுகளோடு பொழுது போய்விடும். பக்கத்து வீடு, கூப்பிட்டால் கேட்காத தூரம். பத்தொன்பது வயதில் என் பெயரைச் சொல்ல வெளியாள் என்று இருந்தவர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் மட்டுமே. பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போட்டால் "ஒட்டுசுட்டான் சிவமலர்" என்று அந்தக் குரல் இழுத்துச் சொல்லும். அன்று சந்தோசத்தில் எனக்குச் சோறு இறங்காது.

பிறகு பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டு, மழை, யானை, வாழைத்தோட்டம் அழிந்தது எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அவருக்கு எழுதினேன். ஒருநாள் அவருடைய படம் தபாலில் வந்தது. கீழே நீல நிறத்தில் கையெழுத்து. என்னை ஒருவருக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அண்ணா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ அவனுக்கு அச்சடித்த கையெழுத்தோடு நடிகை படம் ஒன்றை விற்றிருந்தார்கள். அன்றிலிருந்து போலி பிடிப்பதில் அவனை விட்டால் ஆளில்லை.

"எச்சில் தொட்டுத் தேய்ச்சுப் பார். மையெண்டால் கரையும். கரையாட்டில் கள்ளம்."

கரையாவிட்டால் அவர் போட்டதில்லை. கரைந்தால் கையெழுத்தே இல்லை. நான் படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அந்த வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இன்னிசை நிகழ்ச்சியை நடத்த அந்த அறிவிப்பாளரே வந்தார். படத்தோடு நானும் சந்தேகத்தோடு அண்ணாவும் பஸ் ஏறினோம். என் பெயரைச் சொன்னதும் "ஓ, நீங்களா?" என்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

மேடைக்குப் பின்னால் முண்டியடித்து, "நான்தான் ஒட்டுசுட்டான் சிவமலர்" என்றேன். "சந்தோசம்" என்று சொல்லி, நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

இவர் அவராக இருக்க முடியாது. பெருவிரலில் எச்சில் தொட்டு, அவர் கண்ணெதிரே தேய்த்தேன். கரையவில்லை. (குமிழ்முனைப் பேனை மை இலேசில் கரையாது என்பது எங்கள் ஆராய்ச்சிக்கு இன்னும் எட்டியிருக்கவில்லை.) படத்தோடு ஒப்பிட்டேன். ஒரு சுழிகூடப் பொருந்தவில்லை.

"ஐயா, இது உங்கடை கையெழுத்தில்லை. கள்ளம்."

அவர் படத்தை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"தங்கச்சி, இதுதான் நான் போடாதது. வானொலிக் கந்தோரிலை வேலை செய்யிற ஒரு பிள்ளை எனக்காகப் போடுறவ. வாற கடிதங்களையும் அவதான் வாசிக்கிறவ. எனக்கெங்கை நேரம்?"

அண்ணா சும்மா நிற்கவில்லை. படத்தைப் பறித்து எச்சில் தொட்டுத் தேய்த்தான். கையெழுத்து நீலமாகக் கரைந்து படத்தின் கழுத்துவரை அப்பிக்கொண்டது. மை உண்மையான மைதான் என்று அவனுக்கு ஒரே பெருமை.

மேடையேறிய அறிவிப்பாளர் அந்தக் கதையை ஒலிவாங்கியில் சொன்னார். மைதானம் முழுக்கச் சிரித்தது. என் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை. அதற்குள் மறந்திருப்பார். பஸ்ஸில் ஒட்டுசுட்டான் வரைக்கும் அழுதேன். பிறகு பல நாட்கள் எங்கள் வீட்டு றேடியோ பேசவில்லை.

இன்றைக்கும் வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டால் அண்ணா பெருவிரலை நக்கிக்கொண்டு வந்து நிற்பான். என் கலியாணப் பதிவின்போது மாப்பிள்ளைக்கும் அந்தச் சோதனை நடக்க இருந்தது. பதிவாளர்தான் காப்பாற்றினார்.

அண்ணாவுக்குத் தெரியாத மிச்சக் கதை ஒன்று உண்டு. அழுது முடிந்த பிறகு, அத்தனை பக்கங்களையும் யாரோ ஒருத்தி வாசித்திருக்கிறாளே என்று தோன்றியது. 'கையெழுத்துப் போடும் அக்காவுக்கு' என்று எழுதிப் போட்டேன். நாலு பக்கத்தில் பதில் வந்தது. கொழும்பில் வாடகை அறையில் தனியாக இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் என் கடிதங்களை எடுத்துவைத்துத் திரும்ப வாசிப்பதாகவும் எழுதியிருந்தா. கடைசியில் கைப்பழக்கத்தில் அறிவிப்பாளரின் கையெழுத்தையே போட்டு, வெட்டிவிட்டு, கீழே தன் பெயரை எழுதியிருந்தா. அதை எழுதிப் பழக்கம் விட்டுப்போனவர்போல, ஒவ்வொரு எழுத்தாக.