முதலைமுதுகு டயர்

இனிமேல் டயர் விஷயத்திலாவது தன் முடிவே இறுதி முடிவு என்று பம்புக்காரர் சபதம் எடுத்தபோது ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். தவம் எல்லாம் இல்லை. ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டு திருப்பித் தர மறுத்துவிட்டது.

பக்கத்தில் அவருடைய பிக்கப் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் முதுகில் பழுது பார்த்த ஆளுயர மோட்டார், இரண்டு கட்டு இரும்புக் குழாய், சங்கிலி, கப்பி. பின் டயரின் பக்கவாட்டைக் கூரான கல் ஒன்று நாலு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. ஸ்டெப்னி எங்கே என்று கேட்காதீர்கள். போன மாதம்தான் அது முன் சக்கரமாகப் பதவி உயர்வு பெற்றிருந்தது.

அங்கே தோட்டத்தில் பயிர் தண்ணீருக்குக் காத்திருந்தது. இங்கே டயரில் காத்து இல்லை. தோட்டத்துக்காரர் பதினோரு தடவை போன் செய்தார். கடைசியில் அவரே டிராக்டரோடு வந்து, மோட்டாரை மாற்றி ஏற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பதினைந்து வருஷ வாடிக்கை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி முன்னறையில் தையல் மெஷினில் இருந்தாள். தையல் அவள் தொழில். புருஷனுக்கு வரும் பம்பு ரிப்பேர் அழைப்புகளை எடுத்துக் குறித்து வைப்பது கூடுதல் தொழில்.

"டயர் போச்சா?" என்றாள், நிமிராமலே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு செருப்போட வர்ற மனுஷனைப் பாத்தா ஏதோ போச்சுன்னு தெரியாதா?"

"நாலு டயரும் மொட்டை."

"பாவம். வண்டிக்கும் உங்களுக்கும் ஒண்ணாவே கொட்டிடுச்சு."

பம்புக்காரர் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். "நாலும் புதுசா வாங்கப் போறேன். எந்த டயருன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். யாரும் குறுக்கே பேசக் கூடாது."

"தாராளமா."

அந்த வார்த்தையை அவருக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் ஜன்னல் திரையின் நிறம், குளிர்பெட்டியின் உயரம், அவருடைய மீசையின் அகலம், எல்லாமே "தாராளமா"வில்தான் ஆரம்பித்தன. அவர் நினைத்த மாதிரி ஒன்றுகூட முடிந்ததில்லை.

அவர் மனதில் இருந்தது முதலைமுதுகு டயர். கல்குவாரி மேஸ்திரியின் வண்டியில் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. உள்ளங்கை மொத்தத்துக்கு ரப்பர் கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு பூனை படுக்கலாம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே கடகடவென்று இடி இடிக்கும். மேஸ்திரிக்கு அந்தச் சத்தத்துக்கே நாலு பேர் வணக்கம் வைக்கிறார்கள்.

"சேத்துல இறக்கிவிட்டா எருமை மாதிரி ஏறி வரும்," என்றார்.

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மேஜை மேல் இருந்த நோட்டைப் புரட்டினாள்.

"மூணு மாசத்துல நீங்க போன இடமெல்லாம் இதுல இருக்கு. பத்துக்கு ஏழு தார் ரோடு. ரெண்டு சரளை."

"சேறு?"

"ஒண்ணு. செருப்பு போன இடம்."

"அந்த ஒண்ணுலதானே மாட்டுனேன்!"

"உங்களை மாட்டிவிட்டது சேறு இல்லீங்க, கல்லு. பக்கவாட்டுல கிழிச்சிருக்கு. உங்க முதலை தார் ரோட்டுல கத்திக்கிட்டே தேயும். மழையில தார் மேல பிரேக் போட்டா வழுக்கும். டீசலையும் குடிக்கும். தேய்மானம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு. டயருக்குத் தேய். எனக்கு மானம்!"

"எல்லாத் தரைக்கும் ஒத்துவர்ற மாதிரி ஆல்-டெரெய்ன்னு ஒரு டயர் இருக்கு. கட்டை நெருக்கமா இருக்கும், இடுக்குல கல்லு மாட்டாது. அதுலயும் கனமான லோடுக்குன்னு பத்து ப்ளை, அதாவது பத்து அடுக்கு பலத்துல வரும், பக்கவாட்டு நல்லாத் தடிப்பா இருக்கும். தையல் நெருக்கமா இருந்தாத்தான் கோணி கிழியாது."

"நான் கோணி வாங்கப் போகலை!"

இதையெல்லாம் இவள் எங்கே கற்றாள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கோபத்தில் கேட்கவில்லை. ஒரு பழைய டயரை இரவல் வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டு மூன்று நாள் தள்ளினார். மூன்று நாளும் வீட்டில் டயர்ப் பேச்சுதான். அவர் முதலை என்றால் அவள் கோணி என்பாள். அவர் கம்பீரம் என்றால் அவள் பிரேக் என்பாள்.

"டயரைப் பத்திப் பேசிப் பேசியே டயர்டு ஆயிட்டேன்," என்று நாலாம் நாள் காலை பக்கத்து வீட்டு டிரைவர் சாரிடம் போய் உட்கார்ந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போதும் நாற்காலியில் உட்காரும்போது இடது கையால் கியரைத் தேடுவார்.

"நான் எதைச் சொன்னாலும் அவ எதிராவே சொல்றா சார்."

டிரைவர் சார் கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார். "அப்ப நீயும் எதிராச் சொல்லிப் பாரு தம்பி."

பம்புக்காரருக்குள் பளிச்சென்று விளக்கு எரிந்தது. ஆகா! கோணி டயர்தான் வேண்டும் என்று நாமே சொல்லிவிட்டால்? எதிர்த்தே பழகிய நாக்கு சும்மா இருக்குமா? முதலைதான் வாங்கணும் என்று அவளே ஒற்றைக் காலில் நிற்பாள். நாம் பெரிய மனசு பண்ணி, வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொள்ளலாம். அவர் வீட்டுக்கு நடக்கவில்லை. மிதந்தார்.

டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பெருமூச்சு ஒன்றை விட்டார்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. முதலை நமக்கு வேண்டாம். நீ சொன்ன அந்த ஆல்-டெரெய்னே போதும்."

மெஷின் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

மெஷின் மறுபடி ஓடியது.

பம்புக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இல்ல... அதுல சத்தமே வராதாம்."

"நல்லதுங்க."

"பாக்கறதுக்கும் ஒரு கம்பீரம் இருக்காது."

"அதுதான் உங்ககிட்ட இருக்கே."

"சேத்துல முதலை மாதிரி வராது. பின்னால யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"யாரு சொல்லுவா? சொன்ன சொல் மாறாத மனுஷன் நீங்க. நீங்க முடிவு பண்ணிட்டா நான் குறுக்கே பேசலாமா?"

உள்ளே கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் தலையை நீட்டி, "அப்பா, சூப்பர் முடிவுப்பா," என்றாள். கதவு சாத்தியாகிவிட்டது. பம்புக்காரர் தன் கையாலேயே தாழ்ப்பாளும் போட்டிருந்தார்.

டயர் கடைக்கு அவர் போன நடையைப் பார்த்தால் பல் பிடுங்கப் போகிறவர் என்றே தோன்றும். ஆனாலும் கடையில் கெத்தை விடவில்லை.

"ஆல்-டெரெய்ன் வேணும். கனமான லோடுக்கு. பத்து ப்ளை. போன வருஷம் செஞ்சு கிடங்குல காய்ஞ்ச சரக்கைத் தள்ளிவிடாதீங்க. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், செஞ்சது எந்த வாரம் எந்த வருஷம்னு பாத்துத்தான் எடுப்பேன்."

டயர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அம்மாவும் முதல்ல அதைத்தாங்க கேட்டாங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். வந்து பத்து நாள் ஆச்சு. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு சொல்லிட்டுப் போனாங்க. நேத்துதான் வந்து இறங்குச்சு. சார் எப்படியும் இந்த வாரத்துக்குள்ள முடிவு பண்ணிடுவார், அவர் வந்ததும் மாட்டிவிடுங்கன்னாங்க."

பம்புக்காரர் பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். பத்து நாள். பின் டயர் கிழிந்தே நாலு நாள்தான் ஆகிறது.

"தனியாவா வந்தா?"

"ஒரு பெரியவர் கூட வந்தாருங்க. ஒவ்வொரு டயரையும் தட்டித் தட்டிப் பாத்தார். பழைய பஸ் டிரைவராம். நல்ல ஞானம்."

சாயங்காலம் டிரைவர் சார் வாசலிலேயே நின்றிருந்தார். புதுச் சட்டை. தோள்பட்டையில் சுருக்கமே இல்லை. அந்தத் தையல் யார் கை என்று பம்புக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"என்ன சார் இப்படிக் கவுத்துட்டீங்க?"

"நான் என்ன பண்ணேன் தம்பி? எதிராச் சொல்லிப் பாருன்னேன். நீ சொன்னா அவங்க பதிலுக்கு எதிராச் சொல்வாங்கன்னு நான் சொல்லவே இல்லையே!"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்லவில்லைதான்.

இரண்டு நாள் பம்புக்காரர் வண்டியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மழை. மேட்டு நிலத்து நாற்றுப் பண்ணையில் மோட்டார் எரிந்துவிட்டதாக அழைப்பு. நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறது, உடனே இறைக்காவிட்டால் பத்தாயிரம் கன்றும் அழுகிவிடும் என்றார் பண்ணைக்காரர். மாற்று மோட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தாரில் வண்டி பூனை மாதிரி போனது. வளைவில் ஒரு ஆடு குறுக்கே பாய, மிதித்த இடத்தில் நின்றது. சரளை ஏற்றத்தில் கல்லெல்லாம் தெறித்ததே தவிர டயரில் கீறல் இல்லை. கடைசிக் கால் மைல் வண்டல் சேறு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்தார். பின் சக்கரம் ஒரு நொடி சுழன்றது, யோசித்தது, பிறகு தரையைக் கவ்விக்கொண்டு ஏறியது. பம்புக்காரர் தனியாக வண்டிக்குள் உட்கார்ந்து விசில் அடித்தார். மத்தியானத்துக்குள் தண்ணீர் வடிந்தது, கன்றுகள் தப்பின. திரும்பும் வழியில் தெருமுனையில் சத்தமே இல்லாமல் திரும்பினார். யாரும் வணக்கம் வைக்கவில்லை. அது ஒன்றும் பெரிய குறையாகப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பண்ணைக்காரர் நன்றி சொல்ல வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்ற வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"அந்த மேட்டுல இப்படி ஒரு வண்டி ஏறி நான் பாத்ததில்லை. எனக்கும் இதே டயர்தான் வேணும். யாருங்க இதைப் பாத்து முடிவு பண்ணது?"

பம்புக்காரர் கால் மேல் கால் போட்டுக்கொண்டார். மீசையைத் தொட்டுக்கொண்டார். "நான்தான்," என்றார், மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தலையாட்டினாள்.

"ஆமாங்க, அவரேதான் முடிவு பண்ணார். நான் முடிவு பண்ணி பத்து நாள் கழிச்சு."