எவ்வளவு கொடுக்குது?

கார் உள்ளவர்கள், கார் இல்லாதவர்கள் என்று மனிதர்களில் இரண்டே இனம்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அது தப்பு. நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். வாங்கமாட்டார்கள்; வாங்கப்போவதில்லை என்றும் சொல்லமாட்டார்கள். பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெட்ரோல் விலை ஏறுகிற காலத்தில் இந்த இனம் மழைக்குப் பிந்தைய ஈசல் போலப் பெருகும். விலை இறங்குகிற காலத்தில் குறையுமா என்று கேட்டால், அப்படி ஒரு காலத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் புதிதாக ஒரு கார் வாங்கி, தெருவில் நிறுத்திவிட்டு, யாராவது பார்க்கமாட்டார்களா என்று மெதுவாக இறங்குகிறீர்கள். சாதாரண மனிதர் "அட, புதுசா!" என்பார். பொறாமைக்காரர் பார்க்காதது போலப் போவார். நம் ஆள் என்ன செய்வார்? காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, மூடி, மூடுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, இன்னொரு தரம் திறந்து மூடி, டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டி, உதட்டைப் பிதுக்கி, கடைசியில் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"எவ்வளவு கொடுக்குது?"

அதென்ன, கறவை மாடா? இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்கிறார். எந்தப் பதிலைச் சொன்னாலும் நீங்கள் தொலைந்தீர்கள். அதிகமாகச் சொன்னால், "சும்மா சொல்லாதீங்க சார், நான் விசாரிச்சிருக்கேன்." குறைத்துச் சொன்னால், "வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" தெரியாது என்று சொன்னீர்களோ, போச்சு. பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாது என்று சொன்னவரைப் பார்ப்பது போல உங்களைப் பார்ப்பார்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒருவர் இருக்கிறார். நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் லிட்டர் சார். பெரியவர்களும் அவர் இல்லாத இடத்தில் அப்படித்தான் சொல்கிறோம். ஒரு தடவை கீழ்வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, லிட்டர் சார் மட்டும் பிணவண்டி ஓட்டுநரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். என்னவோ ஆறுதல் என்று நினைத்துக் கிட்டே போனேன். "நீங்க மெதுவாத்தானே ஓட்டுவீங்க? அப்ப நல்லாக் கொடுக்கணுமே?"

அவரிடம் ஒரு நீளமான கோடுபோட்ட நோட்டு உண்டு. ஒவ்வொரு காருக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு மூன்று பத்தி: கம்பெனி சொல்வது, கார்க்காரர் சொல்வது, கார்க்காரர் மனைவி சொல்வது. மூன்றிலும் மூன்று எண் இருக்கும். மூன்றாவதுதான் உண்மை என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. ஊரில் உள்ள எல்லார் மனைவியும் சொன்னது அந்த நோட்டில் ஏறியிருக்கிறது, அவருடைய மனைவி சொன்னதைத் தவிர.

எல்லாக் காரும் அவருக்குப் பிடிக்கும். எந்தக் காரும் ஆகாது. ஒன்றுக்கு உதிரிபாகம் கிடைக்காது. இன்னொன்றுக்கு எங்கே போனாலும் கிடைக்கிறது. அப்படியென்றால் அடிக்கடி கெட்டுப்போகிறது என்றுதானே அர்த்தம்? பேட்டரி கார் நல்லதுதான், நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால்? பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த கார் அதைவிட நல்லது, இரண்டும் சேர்ந்து கெட்டால்? பெட்ரோல் விலை ஏறினால், "இப்ப எல்லாரும் சின்ன காருக்குப் பறப்பாங்க, விலையை ஏத்திடுவான், கொஞ்சம் பொறுக்கணும்" என்பார். ஒரு மாதம் ஏறாமல் நின்றால், "அடுத்த மாசம் இறங்கும்போல, அவசரப்படக் கூடாது" என்பார். மறுபடி ஏறினால், "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்று முகம் மலர்ந்துபோவார். விலையேற்றத்தில் சந்தோஷப்படுகிற ஒரே மனிதரை எங்கள் மாடியில் வைத்திருக்கிறோம்.

ஷோரூம்களில் அவர் பிரசித்தம். அவர் தலை தெரிந்ததும் வரவேற்பில் இருக்கிற பெண் சாப்பிடக் கிளம்பிவிடுவாள். காலை பத்து மணிக்கு. ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கிய காரில் மேடு, பள்ளம், மார்க்கெட், மேம்பாலம் எல்லாம் போய், வழியில் துவைக்கப் போட்ட துணியையும் வாங்கிக்கொண்டு வந்து, "பிரேக் கொஞ்சம் இழுக்குது" என்று சாவியைத் திருப்பிக் கொடுப்பார். விற்பனைக்காரர் சலாம் போட்டு அனுப்புவார். அது மரியாதை இல்லை, போனால் போதும் என்கிற நிம்மதி.

சரி, இத்தனை ஷோரூமுக்கும் எதில் போகிறார் என்று கேட்கமாட்டீர்களா? அவருடைய அண்ணன் ஊரைவிட்டுப் போகும்போது தள்ளிவிட்டுப் போன ஒரு கிழட்டுக் காரில். அது பெட்ரோலைக் குடிக்காது, குளிக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற காரைத் தேடி அந்த வண்டியில் ஊரின் நான்கு மூலையும் அலைந்ததில் தீர்ந்த பெட்ரோல் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. குளிர்ந்த காலையில் அது தானாகக் கிளம்பியதாகச் சரித்திரமும் இல்லை.

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? நானும் ஒரு வருஷம் சிரித்தேன். அவர் மனைவியின் விஷயம் தெரிந்த பிறகுதான் சிரிப்பு எரிச்சலாக மாறியது.

அந்த அம்மாள் நர்ஸ். குடியிருப்பு முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஆபரேஷன் தியேட்டரில் பதினெட்டு வருஷம். டாக்டர் கையை நீட்டினால், என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்பே அந்தக் கருவி கையில் இருக்கும் என்பார்கள். போன வருஷம் ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஆறரைக்கு டியூட்டி. முதல் பஸ் அங்கே போய்ச் சேருவது ஏழு மணிக்கு. வாடகை வண்டி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தக் கிழட்டுக் கார். இரண்டு தடவை தாமதமாகி இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று. மேட்ரன் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மூணாவது லெட்டர் வந்தா தியேட்டர்ல வெச்சுக்க முடியாதும்மா. சீட்டு எழுதுற இடத்துக்குத்தான் அனுப்பணும். நான் என்ன செய்யட்டும்?"

பதினெட்டு வருஷம் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்த கை, பெயர் வயது எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். சிஸ்டருக்கு அது வேலையை விட்டுத் துரத்துவதற்குச் சமம்.

அவர் கணவரிடம் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். சுவர் மெலிசு, எங்கள் வீட்டுக்கே கேட்டது.

"ஏங்க, பெரிய காரெல்லாம் வேண்டாம். காலையில சாவியைத் திருப்பினா கிளம்பணும். பெட்ரோலுக்கே சம்பளம் போயிடக் கூடாது. அவ்வளவுதான். அதுக்கு ஒரு வண்டி இல்லையா ஊர்ல?"

"இருக்கும்மா. அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

அன்று ராத்திரி லிட்டர் சார் நோட்டில் 'நம்பகத்தன்மை' என்று நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தார். அந்தப் பத்திக்காக முதல் பக்கத்திலிருந்து மறுபடி விசாரிக்க ஆரம்பித்தார். அதோடு பதினான்கு மாதம் ஓடிவிட்டது, நோட்டும் மூன்றாகிவிட்டது.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். நான் நடைப்பயிற்சிக்குக் காரில் போகிறவன். சிரிக்காதீர்கள், பூங்கா தூரம். ஐந்தே முக்கால் மணிக்குத் தண்ணீர்த் தொட்டி முக்கில் திரும்பினால், நடுரோட்டில் அந்தக் கிழட்டுக் கார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு லிட்டர் சார். பின்னால், வெள்ளைச் சீருடையில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது சிஸ்டர்.

"இன்னும் கொஞ்சம் வேகமாம்மா! இப்ப பிடிச்சிடும்!" என்று உள்ளேயிருந்து உற்சாகம் வேறு.

நான் பக்கத்தில் நிறுத்தினேன். சிஸ்டர் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினார். மூச்சு வாங்கியது. "அண்ணா, ஆறரைக்கு முதல் கேஸ். நாலு வயசுக் குழந்தை. இன்னைக்கும் லேட்டானா அவ்வளவுதான்."

கியரைப் போடப் போனேன். ஜன்னலில் இரண்டு கை வந்து விழுந்தது. லிட்டர் சார். மனைவிக்கு ஏதோ தைரியம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மனிதன் இல்லையா அவரும்?

"சார், ஒரே நிமிஷம். நீங்க இதை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சுல்ல? ஆரம்பத்துல எல்லா வண்டியும் நல்லாத்தான் கொடுக்கும். இப்ப எவ்வளவு கொடுக்குது?"

சிஸ்டர் திரும்பி அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் கண்ணாடியை ஏற்றினேன். லிட்டர் சார் விரலை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி ஆறு இருபத்தாறு. கதவைச் சாத்துமுன் சிஸ்டர் கேட்டார்: "சாயங்காலம் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொஞ்சம் கூட வர முடியுமாண்ணா?"

போனேன். எங்கள் தெருக் கார்கள் எல்லாம் படுக்கிற ஷெட் அது. கிழட்டுக் காரை மத்தியானமே கயிறு கட்டி இழுத்துவந்து போட்டிருந்தார்கள். அதை என்ன செய்யலாம் என்று மெக்கானிக் ஆரம்பித்தார். சிஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை விடுங்க. உங்ககிட்ட ரிப்பேருக்கு வராத வண்டி எது?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "வராத வண்டியை எப்படி சிஸ்டர் சொல்றது? வந்தாத்தானே தெரியும்." என் காரைக் காட்டினார். "சார் வண்டியே வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து படுத்துக்குது." எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவருக்கே ஏதோ பிடிபட்டது. ஒரு காரின் பெயரைச் சொன்னார். "அது ஒண்ணுதான் ஆயில் மாத்த வருது, போயிடுது. பத்து வருஷம் ஓடின வண்டிகூட அப்படித்தான். அந்த வண்டியால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல சிஸ்டர்."

"பெட்ரோல்?"

"கம்மிதான். அதுலயும் குறை சொல்ல முடியாது."

ஆக மொத்தம் பத்து நிமிஷம். பதினான்கு மாதமும் மூன்று நோட்டும் கண்டுபிடிக்காததை ஒரே கேள்வியில் கண்டுபிடித்தாயிற்று. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "கம்மின்னா? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று கேட்டுவிட்டேன். சிஸ்டர் திரும்பினார். காலையில் ஜன்னலுக்கு வெளியே போன அதே பார்வை இப்போது என் மேல் விழுந்தது. அதை நான் மறக்கப் பார்க்கிறேன்.

ஐந்தாம் நாள் அந்தக் கார் கீழே நின்றது. ஒருத்தர் கையில் இருந்து மாறியதுதான், ஆனால் துடைத்து வைத்த பாத்திரம் போல இருந்தது. லிட்டர் சார் நோட்டோடு இறங்கி வந்தார். சுற்றினார். கதவைத் திறந்து மூடினார். டயரைத் தட்டினார்.

"யாரைக் கேட்டு வாங்கின?"

"மெக்கானிக்கை."

"மெக்கானிக்குக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? அது கிடக்கட்டும், எவ்வளவு கொடுக்குது?"

"தினமும் முக்கால் மணி நேரம் தூக்கம் கொடுக்குது. தள்ளுங்க, டியூட்டிக்கு நேரமாச்சு."

வண்டி சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. மூன்றாவது கடிதம் வரவில்லை. சிஸ்டர் இன்றைக்கும் தியேட்டரில்தான் இருக்கிறார். கிழட்டுக் கார் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டதால் லிட்டர் சார் பஸ்ஸில் அலுவலகம் போகிறார். ஒரு நாள் வெட்கத்தை விட்டு, "என்னை ஆபீஸ்ல இறக்கி விடேன்" என்று கேட்டாராம். "உங்க ஆபீஸ் சுத்து வழிங்க. பெட்ரோல் விக்கிற விலையில கட்டுப்படியாகாது" என்று பதில் வந்ததாம். பாவம் என்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் இப்போது தனக்கென்று ஒரு கார் பார்த்துக்கொண்டிருக்கிறார். நோட்டு நாலாவது ஓடுகிறது.

சிஸ்டர் வாங்கியது எந்தக் கார் என்று நான் இன்னும் சொல்லவில்லை. லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்றும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ஷெட்டில் அந்தப் பெயர் விழுந்ததிலிருந்து நீங்கள் அதற்காகத்தான் வரிவரியாகத் தேடிக்கொண்டு வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கடைசியிலாவது சொல்லிவிடுவான் என்று நம்பித்தான் இந்த வரியையும் படிக்கிறீர்கள். இல்லை என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

அந்த நாலு வயசுக் குழந்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.