மாவில்லாத மேஜை

கோதுமை ஒவ்வாமை வயிற்றில் வருவது என்றே உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. தவறு. அது கண்ணில் வருவது. அதுவும் புருஷனுடைய தட்டைப் பார்க்கும்போது மட்டும் வருவது. அச்சகத்தில் பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்தும் நம்மவர், ஆறு சனிக்கிழமை ஆராய்ச்சிக்குப் பிறகு கண்ட முடிவு இது.

ஆதாரம் இருந்தது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, சனிக்கிழமை உணவகத்தில் மனைவி காளான் கேட்பாள். இவர் சுட்ட மீன் கேட்பார். தட்டுகள் வந்து இறங்கிய பிறகுதான் அவள் சர்வரை விசாரிப்பாள்.

"இந்த சாஸ்ல மாவு கலந்திருக்கா?"

"கொஞ்சம், மேடம். கெட்டியாகறதுக்கு."

"ஐயோ! என்னங்க, உங்க மீனை இப்படித் தள்ளுங்க."

ஆறு வாரம். ஆறு மீன்.

"வர்றதுக்கு முன்னாடியே கேட்டா என்ன?"

"பசியில மறந்துடுதுங்க."

மறதி இவ்வளவு ஒழுங்காகவா வரும்? பிழையே இல்லாத பக்கத்தைக் கண்டால்தான் அவருக்குச் சந்தேகம் வலுக்கும். ஒரே ஆறுதல், முதலில் வரும் ரொட்டிக் கூடையும் கடைசியில் வரும் சாக்லேட் கேக்கும். இரண்டிலும் மாவு உண்டு. அவள் கை அந்தப் பக்கம் நீளாது.

ஏழாவது சனிக்கிழமை காலை, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த உணவகத்து நம்பருக்கு ரகசியமாகப் போன் போட்டார்.

"எங்க மேஜைக்கு வர்ற எதுலயும் ஒரு சிட்டிகை மாவு இருக்கக் கூடாது. எதுலயும்! புரிஞ்சுதா?"

மாலையில் மீன் வந்தது. இரு கையாலும் வளைத்துக்கொண்டார்.

"சாஸ்ல மாவு..."

"இல்லவே இல்ல, மேடம். சார் காலையிலேயே போன்ல சொல்லிட்டார்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்காகவா?"

"பின்னே?"

"அப்போ எல்லாத்தையும் நான் சாப்பிடலாம்!" காளானை முடித்த முள்கரண்டி, மீனுக்கு வந்தது.

அவர் சர்வரைக் கூப்பிட்டார். "ரொட்டிக் கூடை எங்கே?"

"நீங்கதானே சார் மாவே கூடாதுன்னீங்க."

"என் கேக்?"

"பாதாம் பொடியில செஞ்சிருக்கோம், சார். மேடமும் சாப்பிடலாம்."

மேடமும் சாப்பிட்டாள். ஓரத்துத் துணுக்கு வரை.

"இனிமே எல்லாச் சனிக்கிழமையும் இப்படியே செஞ்சுடுங்க. சார் சொன்னதா எழுதிக்குங்க" என்று சர்வரிடம் சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். "நம்பரை ஃபிரிட்ஜ்ல ஒட்டி ஆறு வாரமாச்சுங்க. இன்னைக்குத்தான் உங்க கண்ணுல பட்டுச்சு."

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அவர் சமையலறையில் நின்றபடியே இரண்டு துண்டு ரொட்டி தின்றுவிட்டுத்தான் உணவகத்துக்குக் கிளம்புகிறார்.