மாடியில் மூன்று அடுப்பு

ஓடைப்பட்டி,
ஆனி மாதம், 1939

சிரஞ்சீவி வீரபாண்டிக்கு உன் தகப்பன் சுருளியாண்டி ஆயிரம் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் இரண்டு மாடுகளும் நலம். நீ கட்டிக்கொடுத்த காங்கிரீட் தளம் மட்டும் நலமில்லை. பம்பாயில் நீயும் மருமகள் ராஜமணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது.

போன ஐப்பசியில் நீ வந்த பதினைந்து நாளும் சிமிண்டு குழைப்பதும் தளத்துக்குத் தண்ணீர் கட்டுவதுமாக இருந்தாய். உன் முகத்தைவிட முதுகைத்தான் நான் அதிகம் பார்த்தேன். இருக்கட்டும். சித்திரையில் மாரியம்மனுக்குக் கிடாய் வெட்டு. முதல் நாள் மழையில் கோயில் பொட்டல் சேறாகி, தோண்டிய அடுப்புக் குழியில் தவளை நீந்தியது. சமையல்காரன் முத்துவீரன் நேராக என்னிடம் வந்தான். "மாமா, ஒங்க மாடியில அடுப்பக் கூட்டிக்கிறோம். கூர வீடா என்ன, தீப்புடிக்க? சிமிண்டுதானே!" என்றான். உன்னைக் கேட்டு எழுதியிருக்கலாம். பதில் வருவதற்குள் கிடாய்கள் கிழமாகிவிடும். அதுவுமில்லாமல், உன் அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு வருபவர் தபால்காரர் ஒருவர்தான், அவரும் உன் கடிதம் இல்லாததால் வருவதில்லை. அன்று நாற்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்கள். என்னால் மறுக்க முடியவில்லை.

மூன்று பெரிய அடுப்பு, புளியங்கட்டை, காலையிலிருந்து பொழுது சாயும்வரை எரிந்தது. பத்து மணி வாக்கில் பட்டென்று ஒரு வெடி. தளத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து முத்துவீரனின் முழங்காலைப் பதம் பார்த்தது. "எவன்டா அடுப்புல வெடியப் போட்டது?" என்று கரண்டியோடு துரத்தினான். யாரும் போடவில்லை, தளமேதான் வெடித்தது. சாயங்காலம், நெருப்பை அணைக்காமல் போகக்கூடாதென்று அக்கறையாக இருபது குடம் தண்ணீரை ஊற்றினார்கள். சீறிய சீற்றத்தில் தெருநாய்கள் ஊரைவிட்டே ஓடின.

மறுநாள் சாம்பலைக் கூட்டினால் சாம்பல் நிறத் தளத்தில் மூன்று ரோஸ் வட்டங்கள். பக்கத்து வீட்டுப் பவுனு பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்து ஒக்காந்துட்டுப் போயிருக்கா!" என்றாள். அவ்வளவுதான், பண்ணைப்புரத்திலிருந்தெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக வந்தார்கள். மூன்று வாரம் நான் எல்லாருக்கும் மோர் ஊற்றினேன். பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாக இருந்தேன். பிறகு வட்டத்தைச் சுற்றி விரிசல் ஓடிக் கம்பி தெரிந்தது. பயந்து ஒருவரும் ஏறுவதில்லை.

ஜெபமணி கொத்தனார் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஓரத்தில் தட்டினால் கணீரென்றது. வட்டத்துக்குள் தட்டினால் அழுகிய பூசணிக்காய் மாதிரி சத்தம். "வெந்ததுல பாதி பலம் போச்சுய்யா. சூட்டோட தண்ணிய ஊத்தி மிச்சத்தையும் கெடுத்துட்டாக. தானா ஆற விட்டுருக்கணும்" என்றார். இது தாங்குமா, தாங்காதா என்று எஞ்சினியருக்குப் படித்த நீதான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அதன் கீழேதான் கட்டில் போட்டிருக்கிறேன். படுத்தால் சிமிண்டுத் தூள் மூக்கில் விழுகிறது. தாமதிக்காமல் லீவு போட்டுப் புறப்பட்டு வா. அடிக்கடி தும்முவதைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

உனக்கும் மருமகளுக்கும் அந்த மாரியம்மன் துணையிருக்கட்டும். மாடுகளும் விசாரித்ததாக அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுருளியாண்டி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் தும்மல் பொய். ஜெபமணி அன்றைக்கே, "இதுக்கு எஞ்சினியரு எதுக்கு, ஒடனே எறக்கணும்" என்று சொல்லிவிட்டார். தளத்தை இடித்துப் பத்து நாளாகிறது, இப்போது ஓலைதான் வேய்ந்திருக்கிறது. மாசியில் எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், மாத்திரை பார்சல் வந்தது. கட்டடத்துக்கு ஏதாவது என்றால் நீயே வருவாய் என்று நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். வந்தால் பார்ப்பதற்கு இங்கே தளம் இல்லை, நான்தான் இருக்கிறேன். அது போதுமானால் வா.