பத்தடி தள்ளி நின்ற சுவர்கள்

நெடுமதில் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மழைக்கும் குறைவில்லை, சட்டத்துக்கும் குறைவில்லை. மழையாவது பருவம் பார்த்துப் பெய்தது.

சட்டங்களில் பெரியது இது. ஆள் குடியிருக்கும் வீட்டை யாரும் எப்படியும் கட்டிக்கொள்ளலாம். ஆள் குடியிருக்காத கட்டடம் என்றால், கோழிக்கூண்டு அளவே இருந்தாலும், அதன் வரைபடத்தை மனையாய்வுச் சபை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஒரு கல்லை எடுத்து வைக்கலாம்.

சபை இருந்த அதே நாற்சந்தியில்தான் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் விடியும்போது வந்து நிற்பார்கள். மேஸ்திரிகள் வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போவார்கள். ஆண்களுக்கு ஊரிலுள்ள எல்லா மதிலும் மறைவுதான். பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் சித்தாள் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள். அவர்களில் மலர்க்கொடிக்கு இது ஏழாம் மாதம். செம்பு செம்பாகத் தண்ணீர் குடி, இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவள் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வாள்.

அவளோடு கல் சுமக்கும் அங்காயி சபையின் படியேறினாள்.

"சந்தி ஓரமா சும்மா கிடக்குற எடத்துல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக்கிறோமுங்க. கல்லும் எங்களுது, கையும் எங்களுது. நீங்க சரின்னு மட்டும் சொன்னாப் போதும்."

சபைத் தலைவர் பெருநிலத்தார் கண்ணை மூடி யோசித்தார். "அதில் யாராவது குடியிருப்பார்களா?"

"கக்கூஸ்லயாங்க?"

"அப்படியானால் ஆய்வு உண்டு. முதலில், எட்டு ரதங்கள் நிறுத்த இடம் காட்டுங்கள்."

"நாங்க நடந்துதானுங்க வர்றோம்."

"நீங்கள் வளர்ச்சியை நம்பவில்லை அம்மா. நாளை உங்களுக்கே ஒரு ரதம் வாய்த்தால்?"

"ரதம் வாய்ச்சவ இங்க வந்து ஏனுங்க ஒதுங்குறா?"

இது வளர்ச்சிக்கு எதிரான பேச்சு என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

அடுத்து எதிர்வாசலிலிருந்து ஆட்சேபம் வந்தது. அங்கே பட்டு வணிகர் ஒருவருடைய ஏழடுக்குக் கடை இருந்தது. அதற்கு மண் சுமந்ததும் இதே பெண்கள்தான். அதன் உச்சியில் ஒரு காவல்காரர் பாய் விரித்துப் படுப்பதால் அது வீடு என்று சபை தீர்மானித்திருந்தது. வீட்டுக்கு ஆய்வு இல்லை, ரதம் நிறுத்த இடமும் வேண்டாம். எதிரே கழிப்பறை வந்தால் தன் இல்லத்தின் குடும்பச் சூழல் கெட்டுவிடும் என்று வணிகர் வருத்தத்தோடு எழுதியிருந்தார்.

சபை இருதரப்பையும் சமமாக நடத்தியது. கழிப்பறையின் வரைபடத்தை மனையிலேயே முழு அளவில் சுண்ணாம்பால் போட வேண்டும், பொதுமக்கள் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை கோடு அழியக் கூடாது, அழிந்தால் கெடு முதலிலிருந்து தொடங்கும் என்று உத்தரவிட்டது. அது ஐப்பசி மாதம்.

போட்டார்கள். மழை அழித்தது. மறுபடி போட்டார்கள். அப்படிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் மலர்க்கொடி சுண்ணாம்புச் சட்டியோடு சுருண்டு விழுந்தாள்.

அங்காயி அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சபையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களிடம், "சும்மாடு சுத்துற பழஞ்சேலையை எல்லாம் எடுங்கடி. கோட்டு மேல ஆளுக்கு ஒரு பக்கம் நில்லுங்க. மம்முட்டிய இங்க குடு" என்றாள்.

நடுவில் குழி வெட்டினாள். நான்கு பெண்கள் நான்கு கோட்டின் மேல் முதுகு காட்டி, சேலையை விரித்துப் பிடித்து நின்றார்கள். மலர்க்கொடி கண் திறந்தாள்.

"மலரு, வயிறு முட்டத் தண்ணி குடி. குடிச்சுட்டு உள்ள போ. நாங்கதான் சுவரு."

"வடக்குச் சுவரு ஆடுது பாருக்கா!"

"அது போன வருசமே விரிசல் விட்ட சுவருடி."

உள்ளேயிருந்து மலர்க்கொடி சிரித்தது வெளியே கேட்டது.

அளவை அதிகாரி நாடாவோடு ஓடிவந்தார். உயரம் அளந்தார், அகலம் அளந்தார். 'மேற்குச் சுவர் இருமுகிறது' என்று எழுதிக்கொண்டார். அன்றே உத்தரவு வந்தது: காற்றோட்டத்துக்காகக் குழியிலிருந்து சுவர்கள் இன்னும் பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.

தள்ளி நின்றார்கள். இடைவெளி விழுந்தது. அதை அடைக்க வேலை கிடைக்காமல் நின்ற பெண்கள் வந்தார்கள். கட்டடம் பெரிதாகிவிட்டது, பெரிய கட்டடத்துக்குக் காற்று அதிகம் வேண்டும், இன்னும் பத்தடி என்றது சபை. பூக்காரிகள் வந்தார்கள். இன்னும் பத்தடி. ஏழடுக்கு 'வீட்டில்' நாளெல்லாம் நின்றுகொண்டே பட்டு விற்கும் பெண்கள் படியிறங்கி வந்து கைகோத்தார்கள். அந்த வீட்டிலும் அவர்களுக்குப் போக இடமில்லை.

சாயங்காலம் அதிகாரி நாடாவைச் சுருட்டிக்கொண்டு தலைவர் முன் வந்து நின்றார்.

"ஐயா, அளவுப்படி நமது சபை இப்போது கழிப்பறைக்கு உள்ளே இருக்கிறது."

தலைவர் அதிர்ந்தார். "அதற்கு அனுமதி வாங்கினோமா?"

அதற்குள் மலர்க்கொடி மெல்லப் படியேறி வந்திருந்தாள். சுவர்களுக்கு உள்ளே அவள் எங்கும் போகலாம். உறுப்பினர்களுக்கு வைத்திருந்த பானையில் ஒரு செம்பு மொண்டு, நின்ற இடத்திலேயே முழுக்கக் குடித்தாள். இன்னொரு செம்பும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தப் பக்கமுங்க?"

பழக்கத்தில் தலைவர் கேட்டார்: "நீங்கள் இங்கே குடியிருப்பவரா?"

"இல்லீங்க. நீங்க?"

தலைவரின் விரல், அவரைக் கேட்காமலே, தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த கதவைக் காட்டியது. அதன் பிறகு அந்தக் கதவைப் பூட்ட யாருக்கும் துணிவு வரவில்லை. சந்தியில் பெண்கள் இப்போது வாய் நிறையத் தண்ணீர் குடிக்கிறார்கள். மலர்க்கொடியின் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தபடி செம்பைப் பிடித்து இழுக்கிறது.

அடுத்த தேர்தல் வந்தது. 'நாட்டிலேயே மிகப் பெரிய மகளிர் கழிப்பறை கண்ட தலைவர்' என்று பெருநிலத்தார் சிரிக்கும் படத்தோடு சுவரொட்டிகள் அச்சாகின. கட்சிக்காரர்கள் பசை வாளியோடு, சித்தாள் பெண்கள் வந்து நிற்கும் விடியலில், நாற்சந்திக்கு வந்தார்கள்.

சுவர்கள் பத்தடி தள்ளி நின்றன.