ஏதென்ஸில் வேலை பார்த்தவர்கள்

உலகில் நாகரிகங்கள் தோன்றியதே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அருஞ்சொற்பொருள் ஒப்பிக்கத்தான். இந்த மாபெரும் உண்மையைக் கண்டறிந்தவர் பள்ளித் தாளாளர். கிரேக்கப் பாடத்தையும் எகிப்துப் பாடத்தையும் ஏறக்கட்டிவிட்டு, 'முக்கியச் சொற்கள்' மட்டும் போதும் என்று ஆணையிட்டார். பாரோ, பாப்பிரஸ், கழிமுகம், தீபகற்பம், நகர அரசு, மக்களாட்சி என்று வகுப்பறைச் சுவர் முழுக்க அறிவு ஒட்டப்பட்டது.

ஒட்டியவர் வரலாற்று டீச்சர். ஐந்து வருஷமாகத் தற்காலிகம். நிரந்தர ஆணை இந்த மாதம் கையெழுத்தாகும் என்று பேச்சு. அதனால் அவர் தும்முவதற்குக்கூட யோசித்தார்.

பெற்றோர் நாளுக்கு முன்னால், அந்தச் சுவரடியிலேயே அவசரக் கூட்டம் கூடியது.

"'அடிமை'ன்னு ஒண்ணு ஒட்டியிருக்கீங்களே," என்றார் தாளாளர். "பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்மா."

"நெகட்டிவ் சொல் சார்," என்றார் துணை முதல்வர். தாளாளர் தலையசைப்பதற்கு முன்பே ஆமாம் போடும் அபூர்வ ஆற்றல் வாய்ந்தவர்.

"சுரங்கம், சமையல், கட்டடம், எல்லாம் அவங்க உழைப்பு சார்," என்றார் டீச்சர். "எடுத்துட்டா பாடம் நிக்காது."

"பாடம் நிக்கட்டும், படுக்கட்டும். நீங்க நிரந்தரமாகணுமா வேண்டாமா?"

வாக்கெடுப்பு நடந்தது. முதலில் தாளாளர் கை தூக்கினார். பிறகு யார் தூக்காமல் இருப்பார்கள்? டீச்சரும் தூக்கினார். அவமானமாக இருந்தது, ஆனாலும் தூக்கினார். 'அடிமை' ஒருமனதாகக் கிழிக்கப்பட்டது. இரண்டாயிரம் வருஷக் கொடுமையை இரண்டு நிமிஷத்தில் ஒழித்த பெருமை அந்தப் பள்ளிக்கே உரியது.

பெற்றோர் நாளன்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். கைதட்டல் அடங்கியதும் முன்வரிசை அப்பா ஒருவர் எழுந்தார்.

"ஏதென்ஸ்ல எல்லாரும் சபையில உக்காந்து பேசிட்டிருந்தா, வேலையெல்லாம் யாரும்மா பாத்தாங்க?"

பிள்ளைகள் சுவரில் விடையைத் தேடினார்கள். பிறகு டீச்சரைப் பார்த்தார்கள். தாளாளரும் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஐந்து வருஷமும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தற்காலிகப் பணியாளர்கள்," என்றார் டீச்சர்.

"அருமையான சொல்," என்று தாளாளர் மலர்ந்தார். "எல்லாரும் எழுதிக்கோங்க."

எழுதினார்கள். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் பேனாவை நிறுத்தினாள்.

"அவங்களை எப்ப டீச்சர் நிரந்தரமாக்கினாங்க?"

டீச்சருக்குப் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒலிவாங்கியைக் கொண்டுபோய்த் தாளாளர் கையில் கொடுத்தார்.

"அதைச் சாரே சொல்லுவார்மா."