காற்றுப் பிடித்த கிளட்சும் என் மகனின் நிச்சயதார்த்தமும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பாலாற்று மணலைக் கூடையில் சுமந்தேன். பிறகு மாட்டுவண்டி, அதன் பிறகு லாரி. செங்கல்பட்டில் சிமெண்ட், கம்பிக் கடை வைத்தேன். 'வெறும் பாறை' என்று நாலு பேர் கைவிட்ட மனையில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்து, அங்கேயே இரண்டு மாடி கட்டினேன். கடன் கிடையாது என்று விரட்டிய பேங்க் மேனேஜர் வீடு கட்டியபோது, கம்பி என் கடையிலிருந்துதான் போனது. இதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் பேச்சு அந்தக் கிளட்சில்தான் வந்து நிற்கும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நானே எழுதிவிடுகிறேன்.

மகன் சேகருக்குச் சதுரங்கப்பட்டினத்தில் பெண் பேசியிருந்தோம். பெண் பெயர் தமிழரசி. அப்பா இல்லாத பெண். தாய்மாமன் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசு. "வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தட்டு மாத்தணும். இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை எங்கள் பழைய கார் வண்டியின் கிளட்ச் மிதி தரையோடு படுத்துக்கொண்டது. மிதியை அமுக்கினால் கிளட்சுக்கு எண்ணெய் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. (மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி கஸ்தூரி. பாறையில் தண்ணீர் எடுத்தவனுக்கு இது எம்மாத்திரம் என்றேன்.) நானும் சேகருமாகப் புதியதை மாட்டிவிட்டோம். மாட்டுவது பெரிதில்லை. உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும், அதுதான் பிராணனை வாங்கும். ஒருவர் மிதியை நாலைந்து முறை அமுக்கி அப்படியே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்துச் சின்னத் திருகைத் திறந்தால், எண்ணெயோடு காற்றும் கொப்புளம் கொப்புளமாய் வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்குள் மேலே டப்பாவில் எண்ணெய் வற்றினால் மறுபடி காற்று புகுந்து, எல்லாம் முதலிலிருந்து.

வெள்ளிக்கிழமை காலை கஸ்தூரி மிதியில், சேகர் அடியில், எண்ணெய் பாட்டிலோடு நான் மேலே. அந்த நேரம் பார்த்து மாமன் போன் செய்தார்.

"கெளம்பிட்டீங்களா, சம்பந்தி?"

"கெளம்பிகினே கீறோம். மாஸ்டர் சிலிண்டரே என் கையால மாட்னேன், தெரியுமா? போர் போட்ட கத சொன்னேனா உங்களுக்கு?"

"ஏங்க, எண்ணெ கீதா பாருங்க" என்றாள் கஸ்தூரி.

"கீது, கீது" என்றேன், பார்க்காமலே.

கதை முடிந்தபோது டப்பா காய்ந்து கிடந்தது. "நைனா, வெறும் காத்துதான் வருது" என்று அடியிலிருந்து குரல் வந்தது. மறுபடி ஆரம்பிக்க நேரமில்லை. டாக்ஸி கூப்பிடலாம் என்றான் சேகர். சொந்த வண்டியில் வருகிறேன் என்று மாமனிடம் அளந்துவிட்டு டாக்ஸியில் போய் இறங்குவதா?

கிளட்ச் இல்லாமலும் ஓட்டலாம். முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி தவளை மாதிரி துள்ளிக் கிளம்பும். ஒரே சங்கடம், நிறுத்தினால் இன்ஜின் அணைந்துவிடும், மறுபடி தவளை. ஆகவே நான் நிறுத்தவே இல்லை. திருக்கழுக்குன்றத்தில் நடுரோட்டில் நின்ற மாட்டைக்கூட டீக்கடைப் பந்தலுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போனேன். மடியில் சீர்த்தட்டு இருந்ததால் கஸ்தூரி கோயில் மலையைத் தலையால் மட்டும் கும்பிட்டாள். (வேறு வரம் அல்ல, உயிரைத்தான் கேட்டாளாம்.)

பெண் வீட்டு வாசலில் ஆரத்தியோடு பெண்கள், மாலையோடு மாமன். அங்கே குலுங்கி நின்றால் என் மானம் என்னாவது? ஒரு சுற்று சுற்றி மெதுவாக வந்து நிற்கலாம் என்று, கையை ஆட்டிவிட்டு அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

"இன்னாய்யா இது? நிச்சயத்துக்கு வந்தாரா, ஓட்டு கேக்க வந்தாரா?" என்று மாமன் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

இரண்டாம் சுற்றில் அவர் மாலையோடு குறுக்கே வந்து நின்றுவிட்டார். பிரேக்கை மிதித்தேன். வண்டி விக்கி நின்றது. தட்டுகள் கவிழ்ந்தன, பழம் ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம். ஒரு தேங்காய், திறந்துகொண்ட கதவு வழியாக உருண்டுபோய் மாமன் காலடியில் நின்றது.

"சகுனமே சரியில்ல. போதும், வண்டியத் திருப்பச் சொல்லு" என்றார்.

சேகர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளேயிருந்து தமிழரசிதான் வந்தாள். தேங்காயை எடுத்துத் தட்டிப் பார்த்துத் தட்டில் வைத்தாள்.

"ஒடையல மாமா. ராகுகாலம் வருது, மாத்துங்க."

மாற்றினார்கள்.

ஊர் திரும்ப வண்டி வேண்டுமே. சேகர் பட்டுச்சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்தான். "எனக்குக் கால் ஓஞ்சி போச்சிம்மா" என்று கஸ்தூரி உட்கார்ந்துவிட, பட்டுப்புடவையோடு தமிழரசி மிதியில் ஏறினாள்.

"புடி" என்றான் சேகர்.

"புடிச்சிகினுதான் கீறேன். நீங்க தொறங்க."

மாமன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "தாலி இன்னும் ஏறல, அதுக்குள்ள அதிகாரத்தப் பாரு!"

கொஞ்ச நேரத்தில் மிதி கல் மாதிரி எழுந்து நின்றது.

மாப்பிள்ளையும் பெண்ணும் அன்றைக்கே குடித்தனம் தொடங்கிவிட்டார்கள் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்த முறை டப்பா ஒருதரம்கூட வற்றவில்லை. வெயிலில் குனிந்து நின்று, வாய் திறக்காமல் (போன் கஸ்தூரி கையில்) சொட்டுச் சொட்டாக ஊற்றியவன் யார்? போரை விடுங்கள், மாடியை விடுங்கள், அதெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இனிமேல் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், எண்ணெய் ஊற்றியது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.